வராத மாரடைப்பின் விலை

அன்பு மனைவிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். போன வாரம் கடையில் பெயின்ட் டப்பாவைத் தூக்கும்போது லேசாகத் தலை சுற்றியது, அவ்வளவுதான். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். பயப்படாதே.

என் பயம் வேறு. கடை வாசலில் வண்டி நிறுத்தும் இடத்தை எடுத்துவிட்டு, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை போடப் போகிறார்களாம். சம்மதம் கேட்டு நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஜனங்கள் நடந்தால் நோய் குறையும், அதனால் ஊருக்குப் பல கோடி லாபம் என்று கணக்குக் காட்டினாள்.

“அதுல என் பங்கு எவ்வளவும்மா?” என்றேன்.

சிரித்துவிட்டாள். “உங்களுக்கு மாரடைப்பு வராது பாருங்கண்ணே, அதான் உங்க பங்கு.”

“வராத மாரடைப்பை எந்தக் கல்லாவுல போடுறது?”

“உயிருக்கும் ஒரு விலை வச்சுத்தான் கணக்குப் பார்த்திருக்கோம்.”

“அப்ப என் உயிருக்கு எவ்வளவு?”

“தனி ஆளுக்கு இல்லண்ணே, சராசரிதான்.”

எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. பெயின்ட் டப்பாவை எவன் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவான்? வாசலை விட்டால் வியாபாரம் படுத்துவிடும். விடாவிட்டால் நான் லாரிகளுக்கு நடுவேதான் நடக்க வேண்டும். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

வீட்டில் விட்டுவந்த கான்வாஸ் ஷூவை யாரிடமாவது கொடுத்தனுப்பு. சாயங்காலம் போனில் கூப்பிடு. தனியாக நடக்கச் சலிப்பாக இருக்கிறது.

வாசல் போனால் என்ன நஷ்டம் என்று எனக்குத் தெரியும். நான் போனால் உனக்கு என்ன நஷ்டம்? சராசரி வேண்டாம், நீயே ஒரு விலை சொல். எது பெரிதோ, அதைப் பார்த்துப் பதில் கொடுத்துவிடுகிறேன்.

லோடு வந்துவிட்டது, டிரைவர் ஹாரனை விடாமல் அடிக்கிறான்.

உன் வீட்டுக்காரன்