மச்சான், நம் கூரையைக் காற்றுதான் கொண்டுபோனது

என் பிரியமுள்ள மச்சான்,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. மூவாரில் எல்லோரும் சுகம். நம் நாற்காலிக் கடையின் கூரைதான் சுகமாக இல்லை. போன மாதம் பொழுது விடிகிற நேரத்தில் சுமத்ரா பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. தகரக் கூரையை அப்படியே பெயர்த்தெடுத்து, பின்பக்கத்துச் சீன முதலாளி அகோக் தவுக்கேயின் வாத்துக் கொட்டகை மேல் வைத்துவிட்டுப் போனது. ஆள் வைத்து ஏற்றியிருந்தால்கூட அவ்வளவு நேராக உட்கார்ந்திருக்காது.

அக்காவும் நானும் பெரிய மேசைக்கு அடியில் புகுந்து தப்பித்தோம். காற்று அடங்கியதும் ஆற்றுத் தண்ணீர் ஏறி உள்ளே வந்தது. கடையே நமக்குச் சோறு, மாடிதான் அக்காவுக்கு வீடு. அன்றைக்கு இரண்டுமே வானத்தைப் பார்த்துக் கிடந்தன.

அப்புறம்தான் உங்கள் பெட்டியில் அந்த இன்சூரன்ஸ் காகிதம் கிடைத்தது. நெருப்போடு புயல் காற்றுக்கும் சேர்த்து எழுதி வைத்திருந்தீர்கள். என்னிடம் ஏன் சொல்லவில்லை? சிரிப்பேன் என்றா? சிரித்துத்தான் இருப்பேன்.

சிங்கப்பூரிலிருந்து கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைத் தொப்பி, கறுப்புக் குடை. கூரையில்லாத கடைக்குள் குடை பிடித்து நின்றுகொண்டு, சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைக் காட்டினார்.

"காத்தெண்டால் கம்பெனி குடுக்கும். வெள்ளமெண்டால் இல்லை. இது வெள்ளம்."

"தண்ணி முழங்கால் வரைக்கும்தான் சார் வந்துச்சு. கூரை மேலதானே இருந்துச்சு?"

"இப்ப எங்க அந்தக் கூரை?"

காட்டினேன். கீழே வாத்துகள் சொகுசாக உட்கார்ந்திருந்தன.

"அப்ப துலையேல்லை. இடம்தான் மாறியிருக்கு," என்று எழுதிக்கொண்டார்.

அகோக்கைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். "ஆங்கின் லா, ஆங்கின்!" என்று, காற்றுதான் காற்றுதான் என மலாயில் கத்தி, கையை வீசி வீசிக் காட்டினார். ஆனால் கூரையைத் திருப்பித் தருவதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இங்கே ஒரு பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் ஊறி வீங்கிய ஆறு நாற்காலிகளையும் காற்று உடைத்ததாக நான் பட்டியலில் சேர்த்திருந்தேன். அக்கா அதை வாங்கிப் படித்தாள். அந்த ஆளின் முன்னாலேயே அந்த வரியைப் பென்சிலால் அடித்தாள்.

"இது ஆத்துத் தண்ணியில போனதுடா. அவங்க இருந்தா இப்படி எழுத விடுவாங்களா?"

"அக்கா, சார் பாக்குறாரு!"

"பாக்கட்டும். கூரைக்குத்தான் கேக்குறோம்."

அவர் ஆற்றை அளந்து பார்க்க வெளியே போனார். கரையில் கால் வைத்ததும் ஒரு காற்று அடித்தது. தொப்பி பறந்தது. "ஐயோ, பிடியுங்கோ! காத்துக் கொண்டு போட்டுது!" என்று குடையோடு ஓடினார்.

அக்கா வாசலில் நின்று மெதுவாகக் கேட்டாள்: "சார், தொப்பி தண்ணியிலதானே கெடக்கு?"

அவர் தொப்பியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். காது சிவந்தது. பிறகு அவரே சிரித்துவிட்டார். கூரை காற்றில் போனது, நாற்காலிகள் வெள்ளத்தில் போயின என்று என் கண் முன்னாலேயே எழுதினார்.

இப்போது புதுத் தகரம் ஏறிவிட்டது. பழைய தகரம் வாத்துகளுக்கே. வாரம் ஒருமுறை முட்டை வருகிறது.

கம்பெனி பணம் தந்த கடைசிக் காகிதத்தில் உரிமையாளர் பெயர் கேட்டிருந்தார்கள். உங்கள் பெயர் இருந்த இடத்தில் தன் பெயரை எழுதும்போதுதான் அக்கா அழுதாள், மச்சான். அத்தனை காற்றுக்கும் அழாதவள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மை ஒற்றும் தாளை எடுத்துக் கொடுத்தேன்.

கடைக்குப் புதுப் பலகை எழுதச் சொல்லியிருக்கிறேன். மேலே அக்காவின் பெயர், கீழே உங்கள் பெயர், கொஞ்சம் சின்ன எழுத்தில். கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியோடு வந்து, எவ்வளவு சின்னது என்று விரலால் காட்டுகிறேன்.

உங்கள் பெட்டியைக் கேட்காமல் திறந்த மைத்துனன்,
சவரிமுத்து