வாசலில் ஓடிக்கொண்டு நின்ற இஞ்சின்

மச்சாள்,

உங்களுடைய கல்வெட்டு என் மேசையில் கிடக்கிறது. செத்தவருடைய முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கிற புத்தகம்தான். வழவழப்பான தாள், வண்ண அட்டை, அட்டையில் பட்டுச்சேலையோடு நீங்கள். அச்சுமையின் மணம் இன்னும் போகவில்லை. புரட்டிய என் விரல்களிலோ டீசல் மணம். இரண்டும் ஒத்துவராத சம்பந்திகள் மாதிரி என் மூக்குக்குள் நின்று சண்டை பிடிக்கின்றன.

உங்களை ‘இல்லத்தரசி’ என்று போட்டிருக்கிறார்கள். நன்றாகச் சமைப்பீர்களாம், வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் பிடிப்பீர்களாம், அதிர்ந்து பேசமாட்டீர்களாம். ஒரு தொன்னுக்கு மேல் பாரம் இழுக்கிற டீசல் பிக்கப்பை லண்டன் தெருக்களில் வருடக்கணக்காக ஓட்டிய மனிசியின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு ரயர்கூட இல்லை. யானைப்படை நடத்திய ராசாவைப் பற்றி எழுதப் போனவன், அவர் நன்றாகத் தோசை சுடுவார் என்று எழுதிவிட்டு வந்த மாதிரி இருக்கிறது.

அதைக்கூட மன்னித்துவிடுவேன். உங்கள் மகன் எழுதிய பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. ‘எங்கள் புதுமனையில் முதலடி எடுத்து வைத்து எம்மை வாழ்த்திய தெய்வம்.’ மச்சாள், அந்த வீட்டுக்குள் நீங்கள் ஒரு அடியும் வைக்கவில்லை. அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், எழுதினவனுக்கும் தெரியும்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

உங்கள் புருசன், என் அண்ணை, பெற்றோல் நிலையத்தில் வேலைக்கு நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எண்பதுகளின் கடைசி. மகன் ஏ லெவல் படித்துக்கொண்டிருந்தான். நீங்கள் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் இரண்டு அறை பிளாட்டுக்குள் தையல் மெசினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தீர்கள். எங்கள் ஆட்கள் ஈஸ்ட் லண்டன் முழுக்கப் பலசரக்குக் கடை திறக்கத் தொடங்கிய காலம் அது. விடியற்காலையில் மொத்தச் சந்தைக்குப் போய் மரக்கறி ஏற்றிவர ஆளில்லாமல் கடைக்காரர்கள் அந்தரப்பட்டார்கள். நீங்கள் தாலிக்கொடியை விற்றுவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள்.

“தம்பி, ஒரு பிக்கப் வாங்கப்போறன். நீர் வந்து பாரும்.”

“கொடியை வித்தோ, மச்சாள்? சனம் என்ன சொல்லும்?”

“கழுத்தில தொங்கின காலம் முடிஞ்சுது. இனி றோட்டில ஓடட்டும்.”

என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று எனக்கு விளங்கியது. கிளிநொச்சியில் நான் உழவு மெசின் ஓட்டியவன். ஒரே பின்னேரம்தான் ஓட்டினேன், அதுவும் வாய்க்காலுக்குள் போய்த்தான் நின்றேன் என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை. லண்டனுக்கு வந்த பிறகு அந்த ஒரு பின்னேரம் பத்து வருட அனுபவமாக வளர்ந்திருந்தது.

பார்க்கிங் நகரில் ஒரு கூரை வேலைக்காரனின் முற்றத்தில் அது நின்றது. மச்சாள், அந்த வண்டியைப் பற்றி நான் சொன்னால் கூட்டிச் சொல்வதாக நினைப்பார்கள். அதைத் தட்டினால் கோயில் மணி மாதிரிச் சத்தம் வந்தது. துருவைச் சுரண்டி எடுத்திருந்தால் இன்னொரு சின்னக் கார் செய்திருக்கலாம். நான் பெரிய நிபுணன்போல ஒவ்வொரு ரயருக்கும் ஒரு உதை கொடுத்தேன். கீழே குனிந்து எதையோ பார்த்து “ம்” என்றேன். விற்கிறவன் சாவியைத் திருப்பினான். இஞ்சின் ஒரே தரத்தில் பற்றியது.

“அந்த மாதிரித் திறமான இஞ்சின் மச்சாள். வாங்குவம்” என்றேன்.

நீங்கள் போய், பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி, இஞ்சினை மூடியிருந்த பொனற்றின்மேல் உள்ளங்கையை வைத்தீர்கள்.

“தம்பி, இவருக்குக் காய்ச்சல்.”

“என்ன?”

“நாங்கள் வரமுன்னமே ஓடவிட்டுச் சூடாக்கி வச்சிருக்கிறான். குளிருக்குள்ள பத்துதோ எண்டு பாக்கவேணும். எங்கடை ஐயாவின்ரை மில்லில டீசல் இஞ்சின் நிண்டது. எனக்குத் தெரியாதோ?”

பிறகு நீங்கள் செய்ததை அந்த வெள்ளைக்காரன் சாகும்வரை மறந்திருக்க மாட்டான். இஞ்சினை நிறுத்தச் சொன்னீர்கள். அவனுடைய சின்ன மதிலில் ஏறி இருந்தீர்கள். கைப்பைக்குள் இருந்து சாப்பிடப் பாணும் தேங்காய்ச் சம்பலும் எடுத்து எனக்கும் தந்தீர்கள். அவனுக்கும் நீட்டினீர்கள். இஞ்சின் ஆறும்வரை, அந்த மாசி மாதக் குளிரில், மன்னர் சபையில் இருக்கிற மாதிரி இருந்தீர்கள். அவன் இரண்டுதரம் வந்து பார்த்தான். மூன்றாம்தரம் தேத்தண்ணி கொண்டுவந்தான்.

பொனற் சில்லென்று ஆன பிறகு மறுபடி சாவியைத் திருப்பினான். இருமியது, நின்றது. இன்னொருதரம் இருமியது, நின்றது. மூன்றாந்தரம் பற்றியது. புகையோ பிரான்ஸ் தேசம்வரை போயிருக்கும். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உங்களுக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

“இப்ப உண்மையைச் சொல்லிப்போட்டுது. மூண்டாந்தரம் பத்தும். அது தெரிஞ்சால் காணும். வாங்குவம்.”

அன்றிலிருந்து அந்த வண்டிக்கும் உங்களுக்கும் ஒரு உடன்படிக்கை. தெருத் தெரிவதற்காக ஒரு தலையணையும் அதற்குமேல் தொலைபேசிப் புத்தகமும் போட்டு இருப்பீர்கள். வெளியில் இருந்து பார்த்தால் ஸ்ரியரிங்குக்கு மேலே ஒரு கொண்டை மட்டும் தெரியும். வண்டி தானாக ஓடுகிறது என்று பொலிஸ்காரன் மறித்த கதை எங்கள் சனத்துக்குள் உலாவியது. அந்தக் கதையைக் கட்டிவிட்டவன் நான்தான். கிழமை நாட்களில் வெண்டிக்காயும் முருங்கைக்காயும். சனி ஞாயிறு வீடு மாற்றம்.

லண்டன் தமிழரின் சரித்திரத்தை எவனாவது எழுத வந்தால் அவன் முதலில் அந்தப் பிக்கப்பின் பின்பக்கத்தில் இருந்துதான் தொடங்கவேண்டும். ஒற்றை அறையில் ஒன்பது பேராக இருந்தவர்களை ஈஸ்ட்ஹாம் வீடுகளுக்கு ஏற்றி இறக்கினீர்கள். ஈஸ்ட்ஹாமில் இருந்தவர்கள் காசு பிடித்ததும் தோட்டம் உள்ள ஊர்களுக்குக் கிளம்பினார்கள். அவர்களையும் ஏற்றி இறக்கினீர்கள். எல்லாரும் உங்கள் முதுகில் ஏறித்தான் போனார்கள். நீங்கள் மட்டும் அந்தப் பிளாட்டிலேயே இருந்தீர்கள்.

புதுவீட்டு வாசலில் நடக்கிற கூத்து எனக்கு மனப்பாடம். சுபநேரத்துக்குள் சாமிப்படமும் உப்பும் குத்துவிளக்கும் முதலில் உள்ளே போகவேண்டும். பிறகு பால் காய்ச்சவேண்டும். வீட்டுக்காரி ஓடிவந்து உங்கள் கண்ணாடியைத் தட்டுவாள். குரலில் தேன் வழியும்.

“அக்கா, நல்லாக் களைச்சுப் போனியள். பிக்கப்புக்குள்ளையே கொஞ்சம் இருங்கோ. தேத்தண்ணி கொண்டுவாறம்.”

புருசன் இல்லாதவள் முதலில் உள்ளே வந்தால் வீடு விளங்காது என்று ஒருத்தியும் வாயால் சொன்னதில்லை. எல்லாருக்கும் உங்கள் களைப்பில்தான் அக்கறை. நாலு பேர் தூக்கும் அலுமாரியை நீங்கள் ஒரு பக்கம் பிடித்து இறக்கும்போது மட்டும் அந்தக் களைப்பு எவள் கண்ணிலும் படாது.

நீங்களும் “ஓம் ஓம், பாலைக் காய்ச்சுங்கோ” என்று இருந்துவிடுவீர்கள். நிறுத்தி ஆறவிட்டால் பிறகு பற்றச் சிரமம் என்று இஞ்சினை ஓடவிட்டபடி இருப்பீர்கள். உள்ளே தேவாரம், வெளியே கடகடவென்று டீசல். உங்கள் இஞ்சின் சத்தம் இல்லாமல் அந்த வருடங்களில் ஈஸ்ட் லண்டனில் ஒரு தமிழ் வீட்டிலும் பால் பொங்கியதில்லை. நான் உள்ளே போய் வடையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வந்து உங்களிடம் பொரிந்து தள்ளுவேன்.

“அந்தப் பெரிய கட்டிலைத் திருப்பி ஏத்திக்கொண்டு போவம் மச்சாள். நிலத்தில படுக்கட்டும்.”

“சும்மா இரும் தம்பி. என்ரை பிள்ளை ஒரு வீடு வாங்கட்டும். அண்டைக்கு வாசலில இஞ்சினை நிப்பாட்டிப்போட்டு இறங்குவன். நான்தான் முதல் காலும் வைப்பன்.”

இதை எத்தனை வாசல்களில் சொல்லியிருப்பீர்கள்! அதை நம்பித்தான் அத்தனை வாசல்களிலும் இருந்தீர்கள்.

வாங்கினான். படித்து, கணக்காளனாகி, கல்யாணமும் முடித்து, லண்டனின் தென்பக்கம் சட்டன் என்கிற ஊரில் வாங்கினான். முன்னால் ரோசாச்செடி, பின்னால் அப்பிள் மரம். சனிக்கிழமை காலை சுபநேரம். ஒன்பது மணிக்கு இராகுகாலம் தொடங்கிவிடும் என்பதால் விடிய முதலே தேம்ஸுக்குக் கீழால் போகும் சுரங்கத்தைக் கடந்தோம். பின்னால் தார்ப்பாயின் கீழ் சாமிப்படம், குத்துவிளக்கு, உப்பு, அடுப்பு, புதுப்பானை எல்லாம். என் மடியில் பால் போத்தல். நீங்கள் அன்றைக்குப் பட்டுச்சேலை. அட்டைப்படத்தில் உள்ள அதே சேலைதான். வழிமுழுக்க ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தீர்கள்.

அந்த வாசலில் வண்டியை விட்டீர்கள். சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினீர்கள். அந்தச் சத்தமின்மை என் காதை அடைத்தது. தலையணையை விட்டு இறங்கச் சேலையைச் சரிசெய்தீர்கள். அப்போது அவன் வந்து கண்ணாடியைத் தட்டினான். பின்னால் அவனுடைய மாமியார் வீட்டார் வரிசையாக நின்றார்கள்.

“அம்மா, நல்லாக் களைச்சுப் போனியள். பிக்கப்புக்குள்ளையே கொஞ்சம் இருங்கோ. மாமி ஆக்கள் பால் காய்ச்சட்டும்.”

அதே சொற்கள், மச்சாள். புதிதாக ஒரு பொய்யைத் தேடுகிற சிரமத்தைக்கூட அவன் எடுக்கவில்லை.

“ஓம் ராசா” என்றீர்கள். கதவைச் சாத்தினீர்கள். சாவியைத் திருப்பினீர்கள். அந்த வண்டி தன் வாழ்நாளில் அப்படி உறுமிக்கொண்டு பற்றியதை நான் கண்டதில்லை. கியரைப் போட்டு எடுத்தீர்கள். வேட்டி தடுக்கத் தடுக்க அவன் பின்னால் ஓடிவந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். சாமி, விளக்கு, அடுப்பு, பானை எல்லாம் எங்களோடு. பட்டுச்சேலைகள் எல்லாம் ரோசாச்செடிக்குப் பக்கத்தில் மழைத்தூறலில்.

“மச்சாள், பால் என்ரை மடியில இருக்கு.”

“இருக்கட்டும். சிந்தாமல் பிடியும்.”

ஊரைக் கடந்து, குதிரை மேய்கிற ஒரு வெளிக்குப் பக்கத்தில் நிறுத்தினீர்கள். போத்தலை வாங்கி, மூடியைத் திறந்து, காய்ச்சாத பாலைப் பச்சையாகக் குடித்தீர்கள். என்னிடம் தந்தீர்கள். நானும் குடித்தேன். நான் சிரிப்புக்காட்டப் பிறந்தவன். எனக்கு அன்றைக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

“தம்பி, சுபநேரம் முடிஞ்சுதோ?”

“முடிஞ்சுது மச்சாள். இராகுகாலம் துவங்கிட்டுது.”

“அப்ப எங்கடை நேரம். போவம்.”

திரும்பிப் போய்ச் சாமான் இறக்கினீர்கள். கூலிக்கு வந்த ஆள் மாதிரி ஒவ்வொன்றாக, வாசற்படிவரைதான். அடுப்பைக்கூட நாங்கள் இருவரும் படியில் வைத்தோம். படிக்கு உள்ளே உங்கள் கால்விரல் நுனியும் போகவில்லை. அவன் முகம் கறுத்துப்போய் நின்றான்.

“ஏனம்மா இப்பிடிச் செய்தனீங்கள்?”

“நான் என்ன செய்தனான், ராசா? பிக்கப்புக்குள்ள இருக்கச் சொன்னனீ. இருந்தனான்.”

அதற்குப் பிறகு நீங்கள் அந்த வீட்டுக்குப் போகவில்லை. அவன் கூப்பிட்டதாகவும் தெரியவில்லை. அங்கே குழாய் ஒழுகினாலும் கார் இடிபட்டாலும் இராகுகாலத்தில் வந்திறங்கிய சாமான்தான் காரணம் என்று மாமியார் சொல்லித் திரிந்தாராம். நீங்களோ திங்கட்கிழமை விடிய வழக்கம்போல மரக்கறி ஏற்றப் போனீர்கள். மற்றவர்களின் வாசல்களில் வழக்கம்போல இருந்தீர்கள். ஆனால் ‘என்ரை பிள்ளை வீடு வாங்கட்டும்’ என்று சொல்வதற்கு இனி ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாக ரேடியோவைப் போட்டுவிடுவீர்கள்.

உங்கள் செத்தவீட்டுக்கு அவ்வளவு சனமும் வந்தது. பெரிய பெரிய கார்களில் வந்து, வாகனம் விட இடமில்லை என்று முறைப்பட்டது. அவர்களில் பாதிப் பேருடைய கட்டிலும் மெத்தையும் உங்கள் தோளில் போனவை. ஒருவர் வாயிலும் அந்தப் பிக்கப்பின் பேர் வரவில்லை.

வண்டி இப்போது என்னிடம். அந்தியேட்டிக்கு உங்கள் பெரிய படத்தைப் பிளாட்டில் இருந்து கொண்டுவரச் சொல்லி மகன் கேட்டான். இடதுபக்கச் சீற்றில் உங்களை நிமிர்த்தி வைத்து, பெல்ற்றும் போட்டு, சட்டனுக்குப் போனேன். வாசலில் யாரோ ஜன்னலுக்குள்ளால் கல்வெட்டை நீட்டினார்கள். அங்கேயே புரட்டினேன். அந்த வரியில் என் கண் நின்றது. எனக்கு அந்தக் கூரை வேலைக்காரன்தான் ஞாபகத்துக்கு வந்தான். வருகிறவர்களுக்காக முதலே சூடாக்கி வைத்த பொனற்.

அவன் வந்து கண்ணாடியைத் தட்டினான். “சித்தப்பா, படத்தைத் தாங்கோ. மாலையோட ஐயர் பாத்துக்கொண்டு நிக்கிறார்.”

நான் இஞ்சினை நிறுத்தவில்லை.

“மச்சாள் நல்லாக் களைச்சுப் போனா, ராசா. பிக்கப்புக்குள்ளையே கொஞ்சம் இருக்கட்டும்.”

அவனுக்கு விளங்கியது. ஜன்னல் விளிம்பைப் பிடித்தபடி நின்றான். கண் கலங்கியது. அது முதலே சூடாக்கி வைத்த கண்ணீரா, குளிருக்குள் தானாகப் பற்றிய கண்ணீரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கை வைத்துப் பார்த்துச் சொல்லக்கூடியவர் என் பக்கத்தில் கண்ணாடிக்குள் இருந்தார். நான் கியரைப் போட்டேன். ஐயர் மாலையை யாருக்குப் போட்டாரோ தெரியாது.

இப்போது நான் எங்கே போனாலும் நீங்கள் இடதுபக்கச் சீற்றில்தான். காலையில் மூன்றாந்தரம்தான் பற்றுகிறது. பின்னேரம் பார்க்கிங் நகரில் என் வீட்டு வாசலில் இஞ்சினை நிறுத்துகிறேன். உங்களை முதலில் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் நான் கால் வைக்கிறேன். வீடு விளங்குகிறதா என்று கேட்பீர்கள். வீட்டைச் சூடாக்குகிற பொயிலர் மட்டும் வேலை செய்யவில்லை, மச்சாள். அது நீங்கள் வருவதற்கு முதலே அப்படித்தான்.