செவ்வாய்க்கிழமைப் பேர்

அக்டோபர் 15, செவ்வாய்

பிறந்தநாள் முடிந்தும் வாழ்த்து வந்துகொண்டே இருக்கிறது. பதில் போட்டுப் போட்டுக் கட்டைவிரல் வலிக்கிறது. ஆனாலும் ஒருத்தரை விடவில்லை. பெருமைதான். போனில் எல்லோரும் பார்க்கும்படி நான் போட்ட படம் அப்படி வந்திருந்தது. மஞ்சள் துணியில் நானே தைத்த கபாச் சட்டை, தோளில் புடைத்த கை, கீழே கொட்டை எழுத்தில் ‘ஃபெலிசிட்டி தையலகம், அக்டோபர் 13, வயது 43’. வயதைப் போடாதே என்று ஜோஜோ சொன்னான்.

“நாப்பத்தி மூணுன்னு நீ போட்டா, என் வயசையும் ஊரு கணக்குப் போடும்.”

போட்டால் போடட்டும். இன்று அவனைப் பகலில் பார்க்கவே முடியாது. செவ்வாயன்று கடலுக்கு ஓய்வு, ஒரு படகும் போகாது. அதனால் கேப் கோஸ்டில் இருக்கிற படகு மோட்டார் அத்தனையும் பழுதுபார்க்க இவனிடம் வந்துவிடும். கடலே ஓய்வெடுக்கிற நாளில் என் புருஷனுக்கு மட்டும் கிடையாது.

அக்டோபர் 17, வியாழன்

மேடம் குவான்சா போட்டுப் பார்க்க வந்தார். கல்யாணக் கபா! எத்தனையோ வருஷம் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து, எங்கள் சபைப் பாடகர் குழுவில் தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டு, தனியாகவே இருந்துவிட்டவர். மாப்பிள்ளை சந்தையில் மெத்தைக் கடை வைத்திருக்கும் மிஸ்டர் அமிசா. மனைவியை இழந்தவர், நல்ல மனிதர், சிரிக்கும்போது வயிறும் சேர்ந்து சிரிக்கும்.

“இந்த வயசுல வெக்கமா இருக்கு ஃபெலிசிட்டி” என்றார் மேடம். முகம் பூராவும் சிரிப்பு.

இவருக்கு இடது மார்பு இல்லை. இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். அக்ராவில் அறுவை செய்தபோது எல்லோரிடமும் தகோராடியில் தங்கையைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்ததும் நேராக என் கடைக்கு வந்து, கதவைச் சாத்தச் சொல்லி, சட்டையைக் கழற்றினார். அன்றிலிருந்து அவருடைய ஒவ்வொரு கபாவிலும் இடது பக்கம் உள்ளே ஒரு பஞ்சுப் பை வைத்துத் தைக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே மட்டமா என்று பார்க்க, ஊசி குத்தியபடியே போனில் படம் எடுத்து அவருக்கும் அனுப்புவேன். கண்ணாடியில் நேராகத் தெரிவது படத்தில் கோணலாகத் தெரியும்.

மிஸ்டர் அமிசாவிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டேன்.

“சொல்லணும்” என்றார். வாய் நிறைய குண்டூசி இருந்ததால் நான் மேலே பேசவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

காலையில் ஒரு போன். “அராபா, நான்தான்.”

அராபா! கடைப் பலகையில் நான் ஃபெலிசிட்டி. சபையில் சிஸ்டர் ஃபெலிசிட்டி. வாடிக்கையாளர்களுக்கு மேடம். செவ்வாயில் பிறந்த பெண்ணுக்கு வீட்டில் வைக்கிற அந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறவர்கள் அனோமாபுவில் அம்மா வீட்டார் மட்டும். அப்புறம், மனசு இளகியிருந்தால் ஜோஜோ. கேட்டதும் மெஷினை நிறுத்திவிட்டேன்.

“குரல் கூட மறந்துபோச்சா? ஊருப்பக்கம் எட்டிப் பாத்தாத்தானே” என்று அவன் சலித்துக்கொண்டதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. யாரென்று கேட்கவே இல்லை. கேட்டால் எவ்வளவு அசிங்கம்! மாமாவின் நினைவு நாளுக்காகக் குடும்பத்தார் எல்லோரையும் ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் சேர்க்கிறானாம். “உன் போன்ல ஒண்ணு வரும், அதை அழுத்து. நான் சொல்ற எட்டு எண்ணையும் போடு.” போட்டேன். “கடவுள் உன்னை நல்லா வைக்கட்டும் அராபா” என்று வைத்தான்.

நாளெல்லாம் மனசு குளிர்ந்து இருந்தது. குழுதான் இன்னும் வரவில்லை. நெட்வொர்க்காக இருக்கும்.

அக்டோபர் 19, சனி

குழு வரவில்லை. அக்காவுக்குப் போன் செய்தேன். மாமாவின் நினைவு நாள் ஈஸ்டருக்கு அப்புறம்தானாம். “உன்கிட்ட பேசினது யாருடி?” என்கிறாள்.

யார்?

அக்டோபர் 20, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் மேடம் குவான்சா என் கையைப் பிடித்து வேப்பமரத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். தன் போனைக் காட்டினார்.

என் பேர். என் படம். மஞ்சள் கபா போட்டுக்கொண்டு நான் சிரிக்கிறேன். அதற்குக் கீழே அவருடைய படம். வியாழக்கிழமை எடுத்தது, முன்பக்கம் இன்னும் மூடாமல், ஊசி குத்தி — எழுதக் கை வரவில்லை. ‘கேட்ட பணத்தை அனுப்பு. இல்லாவிட்டால் இது பாடகர் குழுவுக்குப் போகும். அமிசாவுக்கும்.’

ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன்! எட்டு எண். நானே போட்டேனே. என் கையாலேயே போட்டேனே. போன் என் பையில்தானே இருக்கிறது, யாரும் தொடவே இல்லையே, எங்கேயோ உட்கார்ந்துகொண்டு அதற்குள் எப்படிக் கை விட்டான்?

“நீ அனுப்பலைன்னு எனக்குத் தெரியும்” என்றார் மேடம். “என்னை மேடம்னு போடாம நீ ஒரு வரி எழுத மாட்டே.”

அவர்தான் என்னைத் தேற்றினார். அதுதான் தாங்க முடியவில்லை. அடித்திருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 21, திங்கள்

டெடெய் கடையைத் திறக்கும் முன்பே அவள் வாசலில் நின்றேன். சந்தைக்குப் பக்கத்தில் போன் பழுதுபார்க்கிறவள், அக்ராக்காரி, கா இனம், வாய் நீளம். என் போனில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். இணைத்த கருவிகளாம். நான் பார்த்தே இராத ஒரு கம்ப்யூட்டர் அங்கே சட்டமாக உட்கார்ந்திருந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து நான் படித்ததையெல்லாம் அதுவும் படித்திருக்கிறது.

“வெளியே தள்ளிட்டேன்” என்றாள். “இனிமே உள்ள வர முடியாது. ஆனா எடுத்துட்டுப் போனதை வாங்க முடியாது மேடம். அதை நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“அராபான்னு கூப்பிட்டான் டெடெய். வீட்டு ஆள் இல்லாட்டி அது எப்படித் தெரியும்?”

அவள் என் பிறந்தநாள் படத்தை எடுத்தாள். “அக்டோபர் பதிமூணு. வயசு நாப்பத்தி மூணு. அப்ப எண்பத்தொண்ணு. அன்னைக்கு என்ன கிழமைன்னு போனைக் கேட்டா அதுவே சொல்லும்.” கேட்டாள். சொன்னது. செவ்வாய்.

“எங்க வீட்ல எத்தனாவது பிள்ளைன்னு பாத்துப் பேரு வைப்பாங்க. உங்களுக்குக் கிழமைதான் பேரு. அப்புறம் தேதியை ஊருக்கே போஸ்டர் அடிச்சு ஒட்டறது. பூட்டைப் போட்டுட்டு சாவியை அதுலயே தொங்கவிட்ட மாதிரி.”

யார் சொல்லும் எண்ணையும் போடாதே, செத்துப்போன அப்பாவே போன் செய்தாலும் போடாதே என்றாள். அந்த இணைத்த கருவிகள் பக்கத்தை அடிக்கடி பார்க்க வேண்டுமாம். ஆறு இலக்கத்தில் ரகசிய எண் ஒன்றும் வைக்கச் சொன்னாள்.

“பிறந்த தேதியை வைக்கட்டுமா?” என்று கேட்டேன். அவள் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது.

மதியம் ஜோஜோ மக்காச்சோளக் கெங்கேயும் பொரித்த மீனும் வாங்கி வந்திருந்தான். “அராபா, கொஞ்சம் சாப்பிடு” என்றான்.

அந்தப் பேரைச் சொல்லாதே என்று கத்திவிட்டேன். அவன் மிளகாய் விழுதை என் பக்கம் நகர்த்தி வைத்தான். அவன் மேல் என்ன தப்பு? ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் திருடன் வாயில் போட்டு மென்ற பேர் அது.

அக்டோபர் 22, செவ்வாய்

மேடம் குவான்சா கடைக்கு வந்து, பையை மேஜையில் வைத்து, “கிளம்பு” என்றார்.

“எங்கே?”

“மெத்தைக் கடைக்கு. அவன் சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லணும். நீயும் வா. தைச்சது நீதானே.”

மிஸ்டர் அமிசா எங்களைப் பார்த்ததும் உறை பிரிக்காத மெத்தை ஒன்றைத் தட்டி உட்காரச் சொன்னார். மேடம் உட்காரவில்லை. வகுப்பில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, எல்லாவற்றையும் சொன்னார். அக்ரா, அறுவை, பஞ்சுப் பை, படம், திருடன். கடைசியில், “கல்யாணம் வேண்டாம்னு நினைச்சா இப்பவே சொல்லுங்க. துணி இன்னும் வெட்டலை” என்றார். துணி வெட்டியாகிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

மிஸ்டர் அமிசா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார்லட்” என்று மேடத்தைப் பேர் சொல்லி அழைத்தார். “நான் காலமெல்லாம் மெத்தை விக்கிறவன். அறுவடைப் பண்டிகைக்கு நாம ஆடினோமே, அன்னைக்கே தெரியும் ஒரு பக்கம் பஞ்சுன்னு. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்.”

மேடம் அப்படியே மெத்தையில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை சரசரவென்று சத்தம் போட்டது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அவர் தோளில் கை வைத்துக்கொண்டே மிஸ்டர் அமிசா என் பக்கம் திரும்பினார்.

“ஆனா ஃபெலிசிட்டி, அது மட்டமான பஞ்சு. ரெண்டு தடவை தொவைச்சா கட்டி தட்டிடும். நல்ல ஃபோம் நான் தர்றேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் பஞ்சைக் குறை சொல்ல இவர் யார்? கடைக்கு வந்து சேருகிற வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் நல்லதுதான். இவ்வளவு நாளில் முதல் தடவையாக வேறு ஒன்றை நினைத்தேன்.

அக்டோபர் 24, வியாழன்

படம் வந்துவிட்டது. யாரோ தெரியாத எண்ணிலிருந்து, பாடகர் குழுவிலிருக்கும் ஒவ்வொருவருக்கும்.

பயப்படவில்லை என்று எழுதினால் பொய். மேடம் நேற்று ஒத்திகையில் பெண்களைத் தனியாக அழைத்து எல்லாவற்றையும் தானே சொல்லியிருந்தார். இருந்தாலும் சொல்வது வேறு, பார்ப்பது வேறு இல்லையா?

நான் மெஷின் முன்னால் உட்கார்ந்து திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பாடகர் குழுவின் வாட்ஸ்ஆப்பில் சிஸ்டர் எஸில்ஃபி எழுதினாள்: ‘படத்தை அழிச்சுட்டேன். எல்லாரும் அழிங்க. ஆனா மேடம், அந்தக் கபாவுக்குத் தோள் வெட்டினது யாரு? எனக்கும் அதே மாதிரி வேணும்.’

அதற்குக் கீழே வரிசையாக ‘எனக்கும்’, ‘எனக்கும்’.

மேஜையில் தலையை வைத்து அழுதேன். கடைப் பெண்கள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

அக்டோபர் 30, புதன்

இனி கடையில் யாரையும் படம் எடுப்பதில்லை. இருந்த படங்களையும் அழித்தேன். ஆளுயரக் கண்ணாடி இன்னொன்று வாங்கி எதிரும் புதிருமாக வைத்திருக்கிறேன். மீதியைக் கண்ணும் கையும் பார்த்துக்கொள்ளும்.

ஜோஜோ அன்றிலிருந்து என்னை ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுகிறான். கேலியாகத்தான். நானும் சிரிக்கிறேன். ஆனால் அது நன்றாக இல்லை.

நவம்பர் 2, சனி

ஜோஜோவுக்கு ஒரு யோசனை. “பேரை மாத்த முடியாது. வருஷத்தை மாத்தலாமே.”

புரியவில்லை என்றேன்.

“அவனுங்க தேதியை வச்சுத்தானே பேரைக் கண்டுபிடிக்கிறானுங்க? தப்புத் தேதியைக் குடு. தப்புப் பேரோட வருவான். வந்தவுடனே தெரிஞ்சுபோகும், இவன் வீட்டாள் இல்லை, திருடன்னு.”

இந்த மனிதனை நான் சும்மாவா கட்டிக்கொண்டேன்! இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு வருஷமாகப் போனைக் கேட்டோம். எண்பத்திரண்டு புதன், எக்குவா. “வேண்டாம், பள்ளிக்கூடத்துல எனக்குப் பிடிச்ச பொண்ணு பேரு” என்றான். எந்த எக்குவா என்று அப்புறம் விசாரிக்க வேண்டும். எண்பத்து மூன்று வியாழன், ஆபா. அந்தப் பேரில் ஒருத்தியோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. எண்பத்து நான்கு சனி, ஆமா. அது மாமியார் பேர், யோசிக்கவே வேண்டாம். எண்பத்தைந்து ஞாயிறு. எஸி.

எஸி. பரவாயில்லை, வாயில் நன்றாகத்தான் வருகிறது. பழைய படத்தை எடுத்துவிட்டு, புதிதாக ‘வயது 39’ என்று போட்டோம்.

“முகத்துக்கு எத்தனை கிரீம் பூசினே, நடக்கலை. ஒரு திருடன் வந்து நாலு வயசைக் குறைச்சுட்டான்” என்றான் ஜோஜோ. தலையணையால் அடித்தேன்.

நவம்பர் 12, செவ்வாய்

மேடம் குவான்சாவும் போனில் பிறந்த வருஷத்தை மாற்றிக்கொண்டாராம். சிஸ்டர் எஸில்ஃபியும். பாடகர் குழுவில் ஒவ்வொருத்தியும் இளமையாகிக்கொண்டே போகிறாள் என்று போதகர் வியக்கிறாராம்.

நவம்பர் 26, செவ்வாய்

சனிக்கிழமை கல்யாணம். மேடம் குவான்சா இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் நின்றார். உள்ளே மிஸ்டர் அமிசா கொடுத்த ஃபோம். எனக்கு ஒத்துக்கொள்ள மனசில்லை, ஆனால் பஞ்சைவிட நன்றாகவே நிற்கிறது. சட்டைக் கையின் தையலில் ஊசி குத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத எண். கை காலியாக இல்லாததால் கடைப் பெண் ஸ்பீக்கரில் போட்டாள்.

அதே சலிப்பு. அதே பாசம். வேறு குரல்.

“எஸி, என் தங்கமே, குரல் கூட மறந்துபோச்சா? நான்தான், உன் சொந்த ரத்தம்.”

மெஷின்கள் எல்லாம் நின்றன. கண்ணாடிக்குள் மேடம் குவான்சாவின் கண் விரிந்தது. நான் ஊசியை வாயிலிருந்து எடுத்தேன்.

“எஸி இங்க இல்லைங்க” என்றேன். “அவ என்னைவிட நாலு வயசு சின்னவ. அவளுக்கு எண்ணெல்லாம் போடத் தெரியாது.”

அவன் சட்டென்று வைத்துவிட்டான். கடை முழுக்கச் சிரித்தது. மேடம் குவான்சா சிரித்த சிரிப்பில் கைத் தையல் பிரிந்துபோய் மறுபடி தைக்க வேண்டியதாகிவிட்டது.

ஓடிப்போய் ஜோஜோவிடம் சொன்னேன். செவ்வாய் என்பதால் பட்டறை நிறைய மோட்டார்கள், ஆட்கள். அவன் கையெல்லாம் கிரீஸ். கேட்டு முடித்ததும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து போனை வாங்கி, கருவிப் பெட்டிக்குள் போட்டு மூடினான். என்னைப் பட்டறைக்குப் பின்னால், கடல் தெரிகிற பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனான். சுற்றிலும் பார்த்தான். யாருமில்லை.

அப்புறம் காதுக்குப் பக்கத்தில் வந்து, ரொம்ப மெதுவாக, “அராபா” என்றான்.

“என்ன?” என்றேன்.