எங்கள் விருப்பத்துடன்

அக்குறணை,
12.09.2025, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நானும் மகள் நிரோஷினியும் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உங்கள் முதுகுவலி எப்படி? அந்தப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டுதான் ஸ்டோருக்குள் மூட்டை தூக்குகிறீர்களா, இல்லை எனக்குப் படம் அனுப்புகிற நேரத்துக்கு மட்டும் கட்டுகிறீர்களா? படத்தில் பெல்ட் புத்தம் புதிதாகத் தெரிகிறது.

தினம் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நீங்கள் எடுத்தவுடன் "சாப்பிட்டியா" என்று கேட்கிறீர்கள். அதற்குப் பிறகு கெட்ட செய்தி எதுவும் என் வாயில் வருவதில்லை. இரண்டு வாரமாக, "சாப்பிட்டேன், எல்லாம் சுகம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அத்தனையும் பொய். நம் வீட்டுக்கார ஆஸியா உம்மாவின் மகன் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறார். இதை அவர் கையில் கொடுத்துவிடப் போகிறேன்.

எங்களுக்கு நிரந்தர நியமனம் இல்லை அத்தான். நான் மட்டும் என்றில்லை, கல்லூரியில் தற்காலிகமாகப் படிப்பிக்கிற பதினொரு பேருக்கும் இல்லை. அமைச்சின் கடிதம் வந்து இன்றைக்குப் பதினாறு நாள். ஜனவரியிலிருந்து மே வரை தராமல் வைத்திருந்த கொடுப்பனவும் இனிக் கிடையாதாம். அந்த ஐந்து மாதமும் எங்கள் பெயர்கள் தொண்டர்கள் என்ற தலைப்பின் கீழ் இருக்கின்றன. தொண்டருக்குச் சம்பளம் இல்லை. அதோடு நடுவில் சேவை அறுந்துபோனதாகக் கணக்காம், முன்னால் செய்த வருடங்களும் சேராதாம். என்னுடைய ஒன்பது வருடமும் போயிற்று.

இது எப்படி நடந்தது என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எனக்குத் தெரியும். நான்தான் காரணம்.

ஏப்ரல் மாதம் நான் உங்களிடம் பீற்றிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? எங்கள் கல்விச் சபையில் அதிபர், பதிவாளர், நிரந்தர விரிவுரையாளர்கள் மட்டும்தான் உட்காருவார்கள். எங்கள் சம்பளம், எங்கள் மணித்தியாலம் எல்லாம் அங்கே முடிவாகிச் சிங்களத்தில் ஒரு தாளாக எங்களிடம் வரும். நாங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். தமிழிலும் தந்தால்தான் கையெழுத்து என்று நான்தான் சண்டைக்குப் போனேன். பதிவாளர் கோபப்படவே இல்லை. மொழிபெயர்ப்பாளர் இல்லையே மிஸ், உங்களுக்குத்தான் சிங்களம் நன்றாக வருமே, நீங்களே செய்யுங்கள் என்றார். சபையில் ஒரு கதிரையும் போட்டுத் தந்தார்கள், தண்ணீர் ஃபில்டருக்குப் பக்கத்தில். எனக்கு வாக்கு இல்லை, வாய் திறக்கவும் முடியாது, சொன்னதை எழுத வேண்டும். அதற்கே நான் பெரிய மந்திரி ஆகிவிட்டதுபோல ஒரு வாரம் பேசினேன். கேட்டுக்கொண்டிருந்தீர்கள், பாவம்.

மே மாதம் கொடுப்பனவு வராமலே ஐந்தாவது மாதம் முடியப் போனது. இனி வகுப்பு எடுப்பதில்லை என்று பதினொரு பேரும் முடிவு செய்தோம். வகுப்பை நிறுத்தினால் சேவை அறுந்துவிடும், அதற்குப் பதில் ஒரு கடிதம் கொடுங்கள் என்று சபை சொன்னது. கடிதத்தை அவர்களே சிங்களத்தில் எழுதினார்கள், தமிழில் நான் எழுதினேன். ஜனவரியிலிருந்து கொடுப்பனவு வரும்வரை 'ஸ்வேச்சாவென்' சேவை செய்கிறோம் என்று சிங்களத்தில் இருந்தது. சுய விருப்பத்தில் என்றுதானே அர்த்தம்? பஸ்ஸிலும் கடையிலும் பழகிய என் சிங்களத்துக்கு அப்படித்தான் தெரிந்தது. 'எங்கள் விருப்பத்துடன் பணியைத் தொடர்கிறோம்' என்று எழுதினேன். கெஞ்சாமல் மானத்தோடு இருக்கிறது என்று எனக்கே அந்த வரி பிடித்துப்போனது. கடைசியில், இரண்டு பிரதிக்கும் வித்தியாசம் வந்தால் சிங்களப் பிரதியே செல்லும் என்று ஒரு வரி இருந்தது. அதையும் அழகாகத் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டும் ஒன்றுதானே மிஸ் என்று பதிவாளர் சபை நடுவில் கேட்டார். "ஹரி சேர்", சரிதான் என்றேன். மொழிபெயர்ப்பு சரி என உறுதிப்படுத்தப்பட்டது என்று கூட்டக் குறிப்பில் என் பெயரோடு ஏறிவிட்டது. இராமகிருஷ்ணன் சேரை உங்களுக்குத் தெரியும், மின்னியல் படிப்பிக்கிறவர், மடுல்கெல்லையிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர். அவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க பாத்துட்டீங்கதானே டீச்சர், அப்புறம் நான் எதுக்கு வாசிக்கணும்" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

போன செவ்வாய்க்கிழமை டெங்கு பார்க்கிறவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். தண்ணீர்த் தாங்கியைத் திறந்து காட்டினேன். வந்தவர்களில் ஒரு இளம் பிள்ளையின் கழுத்தில் மூன்று பாஷையிலும் எழுதிய அட்டை தொங்கியது. சிங்களத்தில் 'ஸ்வேச்சா' என்று இருந்தது. கீழே தமிழில் 'தொண்டர்' என்று இருந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். சிங்களத்தில் சுய விருப்பத்துக்கும் தொண்டுக்கும் ஒரே சொல் அத்தான். அலுவலகத்துக்காரர்களுக்கு அது தொண்டர். நான் எழுதிய விருப்பத்துக்கு அங்கே இடமே இல்லை. அந்தப் பிள்ளை பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரட்டுமா அக்கா என்று கேட்டது.

மறுநாள் காலையிலேயே பதிவாளரிடம் போனேன். அவர் கூட்டக் குறிப்பை எடுத்து என் பெயரைக் காட்டினார். நீங்கள்தானே சரி என்றீர்கள் மிஸ் என்றார். குரலை உயர்த்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு, கல்லூரிக்கு நிரந்தர மொழிபெயர்ப்பாளர் ஒருவரை எடுக்க அனுமதி வந்திருக்கிறது, உங்கள் பெயரைத்தான் போட்டு வைத்திருக்கிறேன், இந்த நேரத்தில் மொழிபெயர்ப்பில் பிழை என்று ஒரு கதை கிளம்பினால் அந்தப் பெயரை அனுப்ப முடியாது, விசாரணையும் வரும் என்றார். இந்தச் சொல்லின் விஷயம் அவருக்கு மேயிலேயே தெரியுமா, இல்லை என்னைப்போல அவரும் பிறகுதான் கண்டாரா? எத்தனை தரம் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. வெளியே வரும்போது எனக்குத் தேத்தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நானும் வெட்கமில்லாமல் குடித்தேன்.

நிரந்தர வேலை என்றதும் என் மனம் முதலில் எங்கே போனது தெரியுமா? உங்களிடம்தான். நீங்கள் டிசம்பரில் பெட்டியோடு வந்து இறங்குகிறீர்கள், இனிப் போகத் தேவையில்லை. அந்த அறையில் நின்றுகொண்டே அதைப் பார்த்துவிட்டேன். மற்றப் பத்துப் பேரின் நினைவு எனக்குப் படி இறங்கின பிறகுதான் வந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இதற்கிடையில் எல்லோரும் சப்னாவின் மேல் பாய்கிறார்கள். கணினி படிப்பிக்கிற அந்தப் பிள்ளைதான் எங்கள் கடிதம் இருந்த கோப்பைக் கொழும்புக்கு, அமைச்சுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. அங்கே கவுண்டரில் ஏதோ உளறிவிட்டு வந்திருக்கிறாள் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். இப்போது யாரும் அவளோடு ஒரே மேசையில் சாப்பிடுவதில்லை. திங்கட்கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அல்லா அறிய நான் அங்க ஒண்டும் சொல்லல்ல ராத்தா, நீங்களாவது நம்புங்க" என்று அழுதாள். நம்புகிறேன் என்றேன். காரணம் யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை தெரிந்தது. அதற்குப் பிறகும் நான் அவளிடம் வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் அவள் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லேப் அறைக்குப் போனாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று இராமகிருஷ்ணன் சேர் வீட்டுக்கு வந்தார். ஒரு பையில் ஆறு ஆனைக்கொய்யா, தோட்டத்து மரத்தில் பறித்தது. அவருக்கு நாற்பத்து நாலு வயது. வருகிற பெப்ரவரியில் நாற்பத்தைந்து ஆகிறது, அதற்குப் பிறகு நிரந்தரமாக எடுக்க மாட்டார்கள். இப்போதே கலகெதரையில் ஒரு ஹாட்வெயார் கடையில் பின்னேரங்களில் பில் எழுதப் போகிறாராம். தன் வேலை நிரந்தரமாகிவிட்டது என்று தோட்டத்தில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டார், அதனால் இப்போது லயத்து வீட்டுக்கு இருட்டின பிறகுதான் போகிறாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு, சபைக்கு ஒரு மேன்முறையீடு எழுதித் தரவேண்டும் என்றார். "நல்லா எழுதிக் குடுங்க டீச்சர், எந்த எடத்துல தப்பு நடந்துச்சுன்னு உங்களுக்குத்தான் சரியா எழுதத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் ஒன்றும் தெரியாமல்தான் சொன்னார். நான் வாசல் கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

பழத்தில் ஒன்றைக்கூட வெட்ட முடியவில்லை. மேசையில் இருந்து கறுத்துக்கொண்டு வருகிறது. ஆஸியா உம்மா பார்த்துவிட்டு, "என்ன புள்ள, பழத்தப் போட்டு வெச்சிட்டு நீங்க மெலிஞ்சி போறீங்க" என்று ஏசினார்.

அந்த மேன்முறையீட்டை இன்று காலை எழுதி முடித்துவிட்டேன். எப்படி எழுதிப் பார்த்தாலும் எங்களுக்குச் சொல்ல ஒரே ஒரு நியாயம்தான் இருக்கிறது. நாங்கள் வாசித்துக் கையெழுத்துப் போட்டது தமிழ்ப் பிரதியில், அதில் தொண்டர் என்ற சொல் இல்லை, மொழிபெயர்ப்புப் பிழை, மொழிபெயர்த்தவர் இராஜகுமாரி ஆகிய நான். இதைச் சொல்லாமல் எழுதினால் அழுகை மட்டும்தான் மிஞ்சும், சபை அதைப் படித்துவிட்டுக் கோப்பில் போட்டுவிடும். சொல்லி எழுதினால் சபை மேலே அனுப்பி, அமைச்சு கேட்டாலும் கேட்கும். கேட்காமலும் போகலாம், சிங்களப் பிரதியே செல்லும் என்ற வரி அப்படியே இருக்கிறது. எப்படியானாலும் மொழிபெயர்ப்பாளர் வேலை எனக்கு இல்லை. இருக்கிற வகுப்புகளும் இருக்குமோ தெரியாது. சப்னாவைப் பார்க்கிற மாதிரி இனி என்னைப் பார்ப்பார்கள், அவள் செய்யாததற்குப் பட்டாள், நான் செய்திருக்கிறேன்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். ஊருக்கெல்லாம் நீ ஏன் சுமக்க வேண்டும், தெரியாமல் செய்த பிழைதானே என்பீர்கள். தெரியாமல்தான் செய்தேன். இப்போது தெரியுமே அத்தான். தெரிந்துகொண்டு அந்தக் கதிரையில் போய் எப்படி உட்காருவது?

நிரோஷினி கலண்டரில் டிசம்பர் இருபதைச் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறாள். நீங்கள் வந்ததும் முதலில் எந்தக் கடையில் சப்பாத்து வாங்குவது என்று தினமும் ஒரு திட்டம். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லத் தைரியமும் இல்லை, அதை நீங்களே சொல்லிவிடுங்கள். உங்களிடம் கேட்கக்கூடாத உதவிதான் இது.

உங்கள் கம்பனி இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத் தாள் தந்தபோது, மனைவிக்கு வேலை நிரந்தரமாகப் போகிறது, வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தீர்கள். மாத முடிவு வரை நேரம் இருக்கிறது என்றீர்கள். அதில் கையெழுத்துப் போடுங்கள் அத்தான். ஆறு வருடம் அங்கே முதுகு ஒடிந்தவருக்கு இதை எழுதுகிறேன், என்னை என்ன சொன்னாலும் தகும். போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு வரியையும் வாசித்துப் பாருங்கள். புரியாத சொல் இருந்தால் யாரிடமாவது கேளுங்கள். வெட்கப்படாதீர்கள்.

சபைக் கூட்டம் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அன்று பின்னேரம் ஆகிவிடும். வேண்டுமென்றே அப்படிப் பார்த்துத்தான் கொடுத்தனுப்புகிறேன். முன்னால் தெரிந்தால் வேண்டாம் என்பீர்கள். நீங்கள் சொன்னால் நான் கேட்டுவிடுவேன், அந்தப் பயம்தான்.

வாசித்து முடித்ததும் கோபம் வரும். வரட்டும். இரண்டு நாள் பேசாமல் இருந்தாலும் பொறுத்துக்கொள்கிறேன். பேசும்போது மட்டும், வேலை என்ன ஆனது, சபையில் என்ன சொன்னார்கள் என்று முதலில் கேட்டுவிடாதீர்கள். எப்போதும்போல சாப்பிட்டியா என்றே கேளுங்கள். இந்த முறை உண்மையைச் சொல்கிறேன்.

என்றும் உங்கள்,
இராஜகுமாரி