அப்பு சொல்லுறார்

கொழும்பு
4 ஒக்ரோபர் 1926

சங்கைக்குரிய அம்மாவுக்கு,

சர்வேசுரன் கிருபையால் நானும் மருமகளும் பிள்ளைகளும் சுகம். உங்கள் கண் எப்படி? அப்பு காலமாகி ஏழு மாதமாகிறது. இனியும் நீங்கள் கருவாட்டு மணத்துக்குள் கிடக்க வேண்டியதில்லை. நம்முடைய மீன்வாடியையும் ஐந்து தோணிகளையும் கொம்பனியாக்கி நடத்த நான் வேலை செய்யும் கந்தோர்த் துரை சம்மதித்துவிட்டார். பொறுப்பு என்னுடையது. நீங்கள் இங்கே வந்து ஆறுதலாக இருக்கலாம். தங்கச்சி அன்ரோனெற்றுக்கும் ஓர் உத்தியோக மாப்பிள்ளை பார்ப்போம்.

கடதாசி இத்துடன் வருகிறது. வெறும் சடங்குதான். எழுத்து மிகவும் பொடி. கண்ணை வருத்தாமல், பென்சிலால் புள்ளி இட்ட இடங்களில் கையெழுத்து வைத்து அனுப்புங்கோ.

கீழ்ப்படிவுள்ள மகன்
அமிர்தநாயகம்

பள்ளிமுனை
11 ஒக்ரோபர் 1926

அன்பு மகன் அமிர்தநாயகத்துக்கு,

என் கண்ணில் நீ வைத்த கரிசனைக்கு நன்றி. மங்கலானது இடது கண். வலது கண்ணால் மூன்று நாள் காலை வெளிச்சத்தில் இருந்து எல்லாப் பக்கத்தையும் வாசித்தேன். கன்னியர் மடத்தில் மதர் அடித்துப் படிப்பித்த இங்கிலீசு இன்னும் துருப்பிடிக்கவில்லை.

ஆட்களை விலக்கவும் தோணியை விற்கவும் உனக்கு அதிகாரம் என்கிறது நாலாம் பிரிவு. என்னையும் அன்ரோனெற்றையும் ஒரு சொல் கேட்க வேண்டியதில்லையாம். இதுவா சடங்கு? கலியாணத்தையும் சடங்கு என்றுதான் சொன்னார்கள். அதற்குப் பிறகு நாற்பது வருஷம் சமைத்தேன்.

கையெழுத்து வைக்கவில்லை. புள்ளிகளை அழித்து அனுப்புகிறேன். நல்ல கடதாசி, வீணாக்காதே. வாடியைப் பார்க்க அன்ரோனெற் இருக்கிறாள்.

பிள்ளைகளுக்குக் கட்டாக் கருவாடு ரயிலில் வருகிறது. மணம் ஒத்துக்கொள்ளாவிட்டால் அயல் வீட்டுக்குக் கொடு.

அம்மா
பிரான்சிஸ்கா

கொழும்பு
19 ஒக்ரோபர் 1926

அம்மாவுக்கு,

துரை முன்னால் தலை குனிந்து நின்றேன். அன்ரோனெற் கெட்டிக்காரிதான், மறுக்கவில்லை. ஆனால் தோணிகளுக்கு முதலாளியாய் நின்று ஆட்களை ஏவும் சம்மாட்டி வேலை பெண்ணுக்கு ஆகுமா? அப்புவை நினைத்துப் பாருங்கோ. பாரிசவாதத்தில் இரண்டு வருஷம் கிடந்தவர், போன மார்கழியில் வானத்தைக்கூடப் பார்க்காமல் தோணிகளை இழுத்தேற்றச் சொன்னாரே! மற்றவர்களின் தோணிகள் புயலில் உடைந்தன, நம்முடையதில் ஒரு பலகை போகவில்லை. அவர் ஆம்பிளை, அவர் சம்மாட்டி. அவர் படுக்கையில் கிடக்க நான் வந்து நின்ற ஒரு கிழமை முழுவதும் கோபத்தில் என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர்தான். ஆனாலும் நான் அவருடைய மகன்.

மாத முடிவுக்குள் கையெழுத்து வராவிட்டால் துரையோடு நானே வருவேன். அப்புவின் மகன் சொன்னால் தோணிக்காரர் கேட்பார்கள்.

அமிர்தநாயகம்

பள்ளிமுனை
27 ஒக்ரோபர் 1926

அன்பு மகனுக்கு,

அப்புவுக்கு உன்மேல் கோபம் இருக்கவில்லை. அவருக்கு நா எழவில்லை. விழுந்த நாளிலிருந்து சாகும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. நீ வந்து நின்ற கிழமை தவிர, அறைக்குள் நானும் அன்ரோனெற்றும் மட்டுமே போய்வந்தோம். அவள் உள்ளே போவாள், சற்று நேரம் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள், வெளியே வந்து "அப்பு சொல்லுறார்" என்று கட்டளை கொடுப்பாள். தோணிகளை இழுத்தேற்றச் சொன்னவள் அவள்தான். இரண்டு நாளாய்க் கரையில் நின்று காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இளம்பெண் சொன்னால் தோணி இறங்காது என்று பயந்து அந்தப் பொய்க்கு நான் காவல் இருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். நீ மனம் கசந்து ரயில் ஏறிய அன்றும் வாயைத் திறக்கவில்லை. அதற்கு மட்டும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், மகனே. மற்ற எதற்கும் இல்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் தோணிக்காரரை வாடிக்குக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். முதல் தோணியை நடத்தும் யாகப்பருக்கு ஏமாந்த கோபத்தில் முகம் கறுத்தது.

"அப்ப ரெண்டு வரியமும் எங்களைப் பேய்க்காட்டினனீங்களோ, அம்மா?"

"ஓம், பேய்க்காட்டினனாங்கள்" என்றேன்.

"பொம்பிளை சொல்லித் தோணி இறக்கிறதோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அன்ரோனெற் விடவில்லை. "ரெண்டு வரியமா இறக்கிப்போட்டு இப்பவோ கேக்கிறியள், அண்ணை? வேணுமெண்டால் அந்தப் புயலைத் திருப்பிக் கூப்பிடட்டோ?"

யாகப்பர்தான் முதலில் சிரித்தார். "சரி பிள்ளை, நாளைக்கு எந்தப் பக்கம் வலை? அதைச் சொல்லு." இரண்டு பேர் மட்டும் கோபித்துக்கொண்டு வேறு வாடிக்குப் போனார்கள். போகட்டும்.

அப்பு என் பேரில் எழுதிவைத்த வாடியையும் தோணிகளையும் நேற்று உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போய் அன்ரோனெற்றின் பேருக்கு மாற்றினேன். நறுவிலிக்குளத்து வயல் உனக்கு. அதில் உன் தங்கச்சி கை வைக்கமாட்டாள்.

வீட்டுக்கு நீ எப்போதும் வரலாம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. துரையும் வரட்டும், நல்ல மீன்குழம்பு வைப்பேன். ஆனால் வாடிக் கந்தோரில் ஒரு கதிரைதான் உண்டு. அதில் சம்மாட்டி இருப்பாள். நீங்கள் இருவரும் நின்றுகொண்டு பேசுங்கோ.

உன்னைச் செபத்தில் மறவாத அம்மா
பிரான்சிஸ்கா