காதைப் பொத்திய கைகள்

அத்பாஷி, நவம்பர் 3

அன்புத் தங்கை பூருலுக்கு,

நலம். மாஸ்கோவில் உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசவில்லை என்று கோபிக்காதே. போன் வழியாக வரும் குரல் என் காதைக் குடைகிறது. இங்கே பனி இறங்கிவிட்டது. குதிரைக்கு லாடம் மாற்றினேன்.

எனக்கு ஆட்டிசம் என்று என் அறுபதாவது வயதில்தான் டாக்டரம்மா கண்டுபிடித்தார். பக்கத்து வீட்டு சைராகான் அக்கா சிரித்தாள். "இதுக்கு எதுக்குடா டாக்டரு? ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பாங்களே, நீ ஒரு மாதிரின்னு!"

என் கவலை வேறு. என் ஞாபகம் நகர்கிறது. முன்பெல்லாம் பழைய நாட்கள் வைத்த இடத்திலேயே இருக்கும். இப்போது அப்பா இறந்த நாளுக்குள் நீ வந்துவிட்டாய். அப்பாவைக் கிடத்திய கூடாரத்துக்குள் பெண்களின் ஒப்பாரி. நம் வழக்கப்படி, மகன் நான் வாசலில் தடியூன்றி நின்று கதறியிருக்க வேண்டும். சத்தம் தாங்காமல் ஆட்டுக் கொட்டகைக்கு ஓடினேன். நீ பின்னால் வந்து என் காதுகளைப் பொத்தினாய். உன் கையில் ரொட்டி மாவு வாசனை.

அன்று மலைப்பாதை பனியில் மூடி நீ வர முடியாமல் போனதும் ஞாபகம் இருக்கிறது. எது சரி?

உன் அண்ணன்
துர்தாகுன்


மாஸ்கோ, நவம்பர் 21

அன்புள்ள அண்ணா,

நீ சொன்னதுதான் சரி. நான்தான் பொத்தினேன். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. வயதானால் எல்லாருக்கும் கொஞ்சம் தடுமாறும்.

கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன். கழுத்தில் குத்தும் துணிச்சீட்டை வெட்டிவிட்டேன். வேளைக்குச் சாப்பிடு. வசந்தத்தில் கட்டாயம் வருகிறேன். போன வருடமும் இதையே சொன்னாய் என்று குத்திக்காட்டாதே.

உன் பூருல்


அத்பாஷி, டிசம்பர் 12

அன்புத் தங்கைக்கு,

சட்டை குத்தவில்லை.

உன் கடிதம் வந்ததும் அன்றைய பந்தியை மனதுக்குள் மறுபடி உட்காரவைத்துப் பார்த்தேன். அவரவர் முறைக்கு உரிய கறி. ஆட்டுத்தலை பெரியப்பாவுக்கு. இடுப்பெலும்பு அத்தைக்கு. மகளுக்குரிய நெஞ்சுக்கறி யார் முன்னாலும் இல்லை. "பூருல் வந்தா திங்கட்டும்" என்று அம்மா சட்டியிலேயே மூடிவைத்தாள். ஆறிப்போய்க் கொழுப்பு வெள்ளையாக உறைந்தது.

நீ அன்று இல்லை.

சைராகான் அக்கா சொல்கிறாள்: "உன் மனசு ஆறட்டும்னு எழுதியிருக்கா. விட்டுத் தொலையேன்டா!" எனக்கு விடத் தெரியாது. முதலில் உன்மேல் கோபம் வந்தது. பிறகு பயம். கொட்டகையில் நான் தனியாகத்தான் இருந்தேன். என் காதில் இருந்தவை என் கைகள்தான். தனியாக இருந்த அந்த ஞாபகத்துக்குத் திரும்பிப் போக எனக்கு மனமில்லை. நீ வந்த புதிய ஞாபகத்தை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, அது நடக்கவில்லை.

ஒரு வழி இருக்கிறது. நீ வா. கொட்டகை அப்படியே நிற்கிறது. மாவு பிசைந்த கையைக் கழுவாமல் வந்து ஒரு தடவை பொத்து. அப்புறம் அது நடந்ததாகிவிடும். தேதி மட்டும் தப்பாக இருக்கும். அதை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

துர்தாகுன்