கொஞ்சம் அட்ஜஸ்ட்

15-3-1971
முதலாளி தனக்கோடி இம்மாதம் அந்த ஒரு சொல்லால் என் வாயை அடைக்கப் பார்த்த சந்தர்ப்பங்களும் அதன் விளைவும்:
1. மூன்றாம் தேதி: மண் அரைக்கும் கூடத்தில் தூசு, பெண்கள் இருமுகிறார்கள் என்றேன். "முந்தானையால மூடிக்கிட்டு அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க சார்."
2. ஒன்பதாம் தேதி: பீங்கான் சூளை மேற்பார்வை என்னுடையது. வெளிச்சுவரில் வைத்த கை சூடு பொறுத்தால்தான் சூளை வாயை அடைத்திருக்கும் வாய்ச்சுவரைப் பிரிப்போம். லாரி காத்திருக்கிறதாம். "ஒரு நாள் முன்னப்பின்ன அட்ஜஸ்ட் பண்ணுங்க." மறுத்தேன்.
3. பன்னிரண்டாம் தேதி: நான் களிமண் பார்க்க வெளியூர் போயிருந்தபோது பிரித்துவிட்டார்கள். சரக்கை எடுக்க உள்ளே அனுப்பப்பட்ட தொழிலாளி வீராயிக்கு இரண்டு உள்ளங்கைகளும் வெந்துபோயின.

16-3-1971
'அட்ஜஸ்ட்' என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டினேன். பிசகிய கருவியைச் சரிப்படுத்துதல் என்கிறது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தராசை அப்படித்தான் செய்தோம். முள் பிசகினால் திருகாணியைத் திருப்பினோம், எடைக்கல்லைச் சுரண்டவில்லை.
திட்டக்குடி பஸ்ஸில் நிற்பவர் உட்கார்ந்திருப்பவரிடம் அதே சொல்லைச் சொன்னால் அது வேண்டுகோள். தனக்கோடியோ நாற்காலியில் சாய்ந்தபடி, நிற்கிறவர்களிடம் சொல்கிறார்.

18-3-1971
வீராயி தன் வீட்டு அடுப்பில் சுட்டுக்கொண்டாள் என்று நான் எழுதிக் கையெழுத்திட வேண்டுமாம். "பொண்ணு கல்யாணம் வருதில்ல சார்? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க." தனக்கோடி சிரித்தபடி சொன்னார். பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்தேன். வேலை போகும்.

19-3-1971
என் மனைவி ராஜம்மாளும் அதையே எடுத்தாள். "யாருங்க அட்ஜஸ்ட் பண்ணிக்காம இருக்காங்க? ஐப்பசியில கல்யாணத்த வெச்சிக்கிட்டு..."
திண்ணையில் போய் உட்கார்ந்தேன். எவ கையோ வெந்துதுன்னு இருந்துடறதா?

20-3-1971
தனக்கோடிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன், ஒரு வரியும் ஓடவில்லை.

21-3-1971
ராஜம்மாள் என்னிடம் சொல்லாமலே ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோயிருக்கிறாள். வீராயிக்கு இரு கையிலும் கட்டு, இவளே ஊட்டிவிட்டாளாம். அடுப்புக் கதை வீராயி காதுக்கும் போயிருக்கிறது. "அன்னிக்கு எங்க வூட்டுல அடுப்பே பத்தவைக்கலைங்கம்மா. பழையதத் தின்னுட்டுத்தான் வேலைக்கு வந்தேன்" என்றாளாம்.
இதைச் சொல்லிவிட்டு ராஜம்மாள் வெகுநேரம் தூக்குப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

22-3-1971
தனக்கோடிக்குக் கடிதம் எழுதினேன். நகல்:
"விபத்து தங்கள் சூளையில் நேர்ந்ததெனத் தாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். இனி என் அனுமதியின்றி வாய்ச்சுவர் பிரிக்கப்படலாகாது. மறுத்தால் தொழிற்சாலை ஆய்வாளர் முன் நானே சாட்சி சொல்வேன். எழுத்துமூலம் பதில் தருக."
ராஜம்மாள் வாங்கிப் படித்தாள். கிழிப்பாள் என்றே நினைத்தேன்.
"எந்தத் தேதிக்குள்ளன்னு போடலியேங்க?" என்றாள்.
சேர்த்தேன்: மார்ச் 27, சனிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குள்.